ஒன்பது சதவீதம் ஜெசிந்தா

இரட்டையர் டென்னிஸில் உண்மையில் ஆடியது யார் என்று எண்ணிச் சொல்லும் பெட்டியைச் செய்தவள் நான்தான். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், பெட்டியைத் திட்டாதீர்கள். அது சொன்னதைச் செய்தது. என் பெயர் ஹமீதா, வயது ஐம்பத்திரண்டு. 2058ஆம் ஆண்டு சென்னையில் நடந்த மெரினா கோப்பைப் போட்டியில், பெண்கள் இரட்டையர் பிரிவுக்கு நான் பங்கு அலுவலர்.

கடைசி நாள் காலை, மைதானத்தின் படிவரிசைக்கு அடியில் இருந்த என் அறைக்குள் ஏழுமலை தன் எந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். கோப்பையில் ஜெயித்தவர் பெயரைப் பொறிக்கும் வேலை அவருக்கு. இந்தப் போட்டிக்கு அவர் புதுசு.

"மேடம், ஒரு பேரா, ரெண்டு பேரா? இப்பவே சொல்லிட்டீங்கன்னா எழுத்து சைஸ் வெச்சுக்குவேன்."

"சாயங்காலம்தான் தெரியும்."

"டபுள்ஸ் பைனல்தானே? ரெண்டு பேரு ஆடுறாங்க. இதுல தெரியறதுக்கு என்னா இருக்குது?"

நியாயமான கேள்வி. ஏழு வருடத்துக்கு முன்னால், என் பெட்டியை ஏற்றுக்கொண்ட உலக இரட்டையர் சங்கக் கூட்டத்தில் இதை ஒருவரும் கேட்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் நிறையப் படித்தவர்கள்.

மேசை மேல் இருந்த இணைப்பியை எடுத்துக் காட்டினேன். புளியங்கொட்டை அளவு இருக்கும், கறுப்பு. நம்மூர்ப் பெண்கள் அதைத் திருஷ்டிப் பொட்டு என்பார்கள்.

"இதை ரெண்டு பேரும் காதுக்குப் பின்னால ஒட்டிக்குவாங்க. ஒருத்தி எந்தப் பக்கம் ஓடப்போறா, எங்கே அடிக்கப்போறான்னு அவ உடம்பு முடிவு பண்ணின அதே நொடி, மத்தவ உடம்புக்கும் தெரிஞ்சிடும்."

"மனசுல நெனைக்கிறது எல்லாமா?"

"இல்லப்பா. மாமியாரைத் திட்டினா தெரியாது. கைகால் எடுக்கிற முடிவு மட்டும்தான்."

"அப்பாடா" என்றார் ஏழுமலை. யாருக்காக ஆறுதல் அடைந்தார் என்று நான் கேட்கவில்லை.

"முன்னெல்லாம் ரெண்டு பேருக்கும் நடுவுல பந்து வந்தா, நீ எடுப்பேன்னு இவளும், நீ எடுப்பேன்னு அவளும் நின்னுடுவாங்க. பொட்டு வந்தப்புறம் அந்தத் தப்பே கிடையாது. அதோட விட்டிருக்கலாம். நான் ஒரு பெட்டி செஞ்சேன். ஒவ்வொரு அடியும் முதல்ல யார் உடம்புல கிளம்பிச்சுன்னு அது எண்ணும். போட்டி முழுக்க ஒருத்தியோட பங்கு பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தா, கோப்பையில அவ பேரு வராது."

"அப்புறம் எங்கே வரும்?"

"துணைக்கருவின்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ஒரு நம்பரா வரும்."

"கருவியா? பொண்ணு மேடம் அது!"

அவரை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன்.

அந்தக் கட்டத்துக்குள் அதுவரை நாற்பத்தொரு பெண்கள் போயிருந்தார்கள். ஆட்டக்காரர்கள் நடுவே அவர்களுக்கு 'கை' என்று பெயர். முடிவெடுப்பவள் தலை, ஓடுபவள் கை. அன்றைய இறுதிப் போட்டியிலும் ஒரு கை ஆட இருந்தாள். தூத்துக்குடி ஜெசிந்தா பர்னாந்து. முப்பத்தொரு வயது, குட்டையான உடம்பு, மூன்று முறை கத்தி வைத்த வலது முழங்கால். அவளுடைய தலை மதுரை அங்கயற்கண்ணி, ஆறடி உயரம், உலகத் தரவரிசையில் முதலிடம். ஏழு வருடம் சேர்ந்து ஆடி நாலு கோப்பை ஜெயித்திருந்தார்கள். நாலிலும் ஒரே பெயர்தான் இருந்தது. இதற்கு மேல் ஆடினால் நடக்கவே முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், ஜெசிந்தாவுக்கு இதுதான் கடைசிப் போட்டி. அரையிறுதி முடிந்தபோது அவள் பங்கு ஒன்பது புள்ளி ஒன்று.

ஏழுமலை அந்தப் பக்கம் போனதும் அங்கயற்கண்ணி இந்தப் பக்கம் நுழைந்தாள். கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றாள்.

"அக்கா, என் பங்குல ஒரே ஒரு பாயிண்ட் எடுத்து ஜெசிந்தா கணக்குல போட்ருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

"அவ பேரு ஒரு தடவையாச்சும் வரணும்க்கா. நாலு கப்பும் எங்க வீட்டுல இருக்கு. அவ வந்தா எங்கம்மா துணியைப் போட்டு மூடி வெச்சிர்றாங்க. அம்புட்டுக் கூச்சமா இருக்கு எங்களுக்கு."

"பொய்யா எழுதச் சொல்றியா?" என்று சத்தம் போட்டேன். "இந்தப் பெட்டியை எதுக்குச் செஞ்சேன் தெரியுமா? நான் ஆடின காலத்துல ஓடி ஓடிப் பந்து எடுத்தது நான். பேப்பர்ல வந்தது என் ஜோடியோட படம். என் பங்குக்கு ஒரு சாட்சி வேணும்னுதான் ராப்பகலா உக்காந்து இதைச் செஞ்சேன்."

"அந்தச் சாட்சிதான்க்கா இன்னைக்கு அவளைக் கருவின்னு சொல்லுது."

சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "நீ இங்கே வந்தது அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா மட்டையாலயே போட்ருவா."

"அப்போ போய் ஆடு."

போய்விட்டாள். போகும்போது அவள் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பெட்டியில் கை வைப்பவள் நானில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அப்போதும் கர்வம் உண்டு, இப்போதும் உண்டு.

ஆட்டம் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கியது. எதிரே போலந்து ஜோடி, இருவரும் அடியில் இடி. நான் களத்தின் ஓரத்தில், நம் பெண்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால், பெட்டியும் திரையுமாக உட்கார்ந்திருந்தேன். திரையில் இரண்டு கோடுகள் ஓடும். சிவப்பு அங்கயற்கண்ணி, நீலம் ஜெசிந்தா. ஒவ்வொரு அடிக்கும் சிவப்பு எழும், நீலம் அதன் பின்னால் எழும். முதல் செட்டை ஆறுக்கு நாலு என்று நம்மவர்கள் எடுத்தார்கள். ஒன்பதாயிரம் பேரின் விசில் சத்தத்தில் மேசை அதிர்ந்தது.

இரண்டாவது செட்டின் நடுவே சிவப்புக் கோடு தூங்க ஆரம்பித்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அங்கயற்கண்ணி வேண்டுமென்றே தன்னை அடக்கிக்கொள்கிறாள். தான் முடிவெடுக்காமல் நின்றால் அந்த முடிவு ஜெசிந்தா கணக்கில் ஏறும் என்று நினைத்துவிட்டாள். பாவம், ஏழு வருடப் பழக்கத்தை அவள் யோசிக்கவில்லை. சிவப்பு எழாதபோது நீலமும் காத்துக்கொண்டு நின்றது.

மூன்றுக்கு நாலு என்று இருந்தபோது, அவசரமே இல்லாத ஒரு பந்து இருவருக்கும் நடுவில் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகூட எடுத்திருப்பாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பந்து நடுவே துள்ளி, பின்சுவரில் முட்டி, உருண்டு நின்றது. பொட்டு வந்த பிறகு யாரும் பார்த்திராத தப்பு அது. மேல் வரிசையிலிருந்து ஒருவர், "யம்மா, அது உங்க பந்துதாம்மா!" என்று கத்த, ஒன்பதாயிரம் பேரும் சிரித்தார்கள். இரண்டு கோடும் எழாததால், பெட்டி தன் பாட்டுக்கு, 'முடிவு: எவரும் இல்லை' என்று எழுதிக்கொண்டது.

அந்த செட் போய்விட்டது. பெஞ்சுக்கு வந்த ஜெசிந்தா தண்ணீர் குடிக்கவில்லை, உட்காரவும் இல்லை.

"ஏட்டி, எனக்காகவா விட்ட?"

அங்கயற்கண்ணி துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கேக்கேன்லா? நான் என்ன மாதா கோயில் வாசல்ல தட்டு ஏந்திக்கிட்டா இருக்கேன், நீ வந்து போடுததுக்கு?"

"உன் பேரு வரணும்னுதான்டி..."

"ஏழு வருசமா உன்கூட நிக்கேன். என்னைக்காவது ஒரு நாள் பாதி மனசோட ஆடிருக்கேனா? ஒம்பதுன்னா ஒம்பது. அந்த ஒம்பதும் நான் ஆடுனது. அதுல நீ போட்ட பிச்சை ஒண்ணுகூட இருக்கப்பிடாது. உன் ஆட்டத்தை முழுசா ஆடு. இல்லன்னா இப்பவே பொட்டைப் பிய்ச்சு எறிஞ்சிட்டுத் தூத்துக்குடிக்கு பஸ் ஏறிருவேன்."

பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாளின் கடைசி வாய்ப்பு கையில் இருக்கும்போது, இனாமாக வந்ததை வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? எனக்கு வந்திருக்காது.

அங்கயற்கண்ணி எழுந்து நின்றாள். "சரிடி. முழுசா ஆடுறேன். அப்புறம் அழக் கூடாது."

"யாரு அழுதா? வா."

மூன்றாவது செட் கிடையாது. அதற்குப் பதில், முதலில் பத்துப் புள்ளி எடுப்பவர்களுக்குக் கோப்பை. ஆட்டக்காரர்கள் களத்துக்குப் போய்க்கொண்டிருந்த இடைவெளியில் நான் பெட்டியைச் சோதித்தேன். 'எவரும் இல்லை' என்று அது ஏழு வருடத்தில் எழுதியதே இல்லை. உள்ளே ஏதாவது கோளாறோ என்று, கோடுகளைச் சுத்தம் செய்யும் வடிகட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தேன்.

முடிந்த இரண்டு செட்டின் நீலக் கோடு பொங்கி எழுந்தது.

நான் இத்தனை வருடம் இரைச்சல் என்று நினைத்து வடிகட்டி எறிந்தவை அவை. சின்னச் சின்ன முனைகள், நிமிடத்துக்கு நாலைந்து. பந்து அடிக்காத நேரத்தில் எழுந்ததால் அவற்றுக்கு அர்த்தம் இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன். ஆட்டம் மறுபடி தொடங்கியதும் களத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். அங்கயற்கண்ணி பாய்வதற்குக் கிளம்புவாள், சிவப்பு எழும். உடனே நீலத்தில் ஒரு முனை. சிவப்பு அப்படியே அமரும். அவள் அடிக்காமல் விட்ட பந்து கோட்டுக்கு வெளியே போய் விழும். இன்னொரு முறை சிவப்பு எழும், நீலம் தட்டும், அவள் ஒரு அடி பின்வாங்குவாள். அடுத்து வரும் பந்து அவளுக்கு வசதியான உயரத்தில் வரும், அதை அடித்து நொறுக்குவாள். அரங்கம் அவள் பெயரைச் சொல்லிக் கத்தும்.

ஜெசிந்தா பின்கோட்டில் நின்றுகொண்டு ஆட்டம் முழுவதும் 'விடு, விடு' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். வாயால் இல்லை, உடம்பால். அவள் வலது காலைத் தரையில் லேசாக ஊன்றுவாள், அவ்வளவுதான். அதை முழங்கால் வலி என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

பெட்டிக்குள் நான் எழுதி வைத்த ஒரு வரி எனக்கு மனப்பாடம். 'பந்து அடிக்கப்படாவிட்டால் எண்ணாதே.' நடக்காத ஒன்றை எப்படி எண்ணுவது என்று எழுதிய வரி. ஒரு முறை காபி ஆறுவதற்குள் யோசித்து எழுதியது. நாற்பத்தொரு பெண்களைக் கட்டத்துக்குள் அனுப்பியது அந்த வரிதான்.

ஒன்பதுக்கு எட்டு. இன்னும் ஒரு புள்ளி போதும். போலந்துப் பெண் பந்தை வானத்துக்குத் தூக்கி அடித்தாள். வலைக்குப் பக்கத்தில் நின்ற அங்கயற்கண்ணி திரும்பிப் பின்னால் ஓடி, எம்பி, மட்டையை ஓங்கினாள். அந்த அடியைத்தான் உலகம் பார்க்க வரும். சிவப்பு திரையின் உச்சிக்குப் போனது. ஒன்பதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள்.

நீலத்தில் ஒரு முனை. இதுவரை வந்ததிலேயே பெரியது.

ஓங்கிய மட்டை ஓங்கியபடி நின்றது. அங்கயற்கண்ணி ஏன் என்று கேட்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. பந்து அவள் தலைக்கு மேலே போய், ஜெசிந்தாவின் காலுக்குப் பக்கத்தில், கோட்டுக்கு நாலு விரற்கடை வெளியே விழுந்தது. ஒரு கோப்பையின் கடைசிப் புள்ளியை யாரும் அடிக்காமலே ஜெயித்தார்கள். நான் எழுந்து நின்று, பதவியை மறந்து, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தேன். அலுவலர்கள் விசிலடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது.

பங்குத் தாளில் கையெழுத்துப் போட எனக்குக் கால் மணி நேரம். அறைக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தேன். ஜெசிந்தா பர்னாந்து, எட்டு புள்ளி ஏழு. ஏழுமலை கோப்பையைத் துடைத்து எந்திரத்தில் பொருத்தி வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். நான் அந்த ஒரு வரியை மாற்றி, விட்ட பந்துகளையும் சேர்த்து, போட்டி முழுவதையும் முதலிலிருந்து எண்ணச் சொன்னேன். நாலு நிமிடம் எடுத்தது. எண் வந்தது. நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

இருவரும் வியர்வை சொட்டச் சொட்ட உள்ளே வந்தார்கள். தாளில் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஜெசிந்தா பேனாவை எடுத்தாள்.

"குடுங்கக்கா. எட்டா, ஒம்பதா? எதுன்னாலும் போடுதேன்."

"உக்காரும்மா. உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இவ்வளவு நாளா நீ விடச் சொன்னதை நான் எண்ணலை. இப்ப எண்ணிட்டேன். உன் பங்கு எவ்வளவுன்னா..."

"சொல்லாதிய!"

அவள் கத்திய கத்தலில் ஏழுமலை திடுக்கிட்டு எந்திரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டி?" என்றாள் அங்கயற்கண்ணி. "பேரு வரப்போகுதுடி, கிறுக்கி!"

"எக்கா, எனக்கு இன்னையோட ஆட்டம் முடிஞ்சிட்டு. ஆனா நாளைக்கு ஒரு பிள்ளை என் இடத்துல வந்து நிப்பா. விட்டாலும் பங்கு ஏறும்னு அவளுக்குத் தெரிஞ்சிட்டுன்னு வைங்க. பந்து வெளிய போகுமா, உள்ள விழுமான்னு பாக்க மாட்டா. விட்டா எத்தனை ஏறும்னுதான் பாப்பா. தேவையில்லாத பந்துக்கெல்லாம் விடுன்னு சொல்லுவா. அப்புறம் இவள மாதிரி ஒருத்தி எப்படி நம்பி மட்டைய நிறுத்துவா? இன்னைக்கு இவ ஏன் நிறுத்துனா? நான் சொன்னா அதுல எனக்கு ஒண்ணும் இல்லன்னு இவளுக்குத் தெரியும். அதான்."

அங்கயற்கண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள்.

"அப்போ உனக்குப் பேரு வேண்டாமா?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கே! யாரு சொன்னா? பேரு வேணும். கண்டிப்பா வேணும். நம்பர்தான் வேண்டாம்."

சாட்சி வேண்டும் என்று இருபது வருடம் அலைந்து பெட்டி செய்தவள் நான். அவளுக்குச் சாட்சி தேவைப்படவில்லை. மரியாதைதான் தேவைப்பட்டது. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்த என் படிப்பை என்ன சொல்வது? திரையிலிருந்த எண்ணை அழித்தேன். மாற்றிய வரியை அழித்தேன். எட்டு புள்ளி ஏழையும் அழித்தேன். தாளில் என் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

தலைமை நடுவர் கோதண்டபாணி உள்ளே வந்து தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மேடம், காலியா இருக்கு? பெட்டி ரிப்பேரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேலை பிழைத்திருக்கும்.

"பெட்டி நல்லா இருக்கு சார். நான்தான் எழுதலை. பங்குத் தாள் வராட்டி பழைய விதிப்படி ரெண்டு பேரும் வரணும். பதினாலாம் விதி. அதை எழுதினவளும் நான்தான்."

"இது தெரிஞ்சு செய்யறது. லைசென்ஸ் போயிடும், மேடம்."

"போகட்டும். தெரிஞ்சுதான் செய்யறேன்னு அப்படியே எழுதிக்குங்க. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவரும் ஒரு காலத்தில் மட்டை பிடித்தவர். பிறகு ஏழுமலை பக்கம் திரும்பி, "ரெண்டு பேருய்யா" என்றார்.

"அதைத்தானே சார் நான் காலையிலேருந்து சொல்றேன்!" என்று ஏழுமலை விசையைத் தட்டினார்.

ஜெசிந்தா எந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். "அண்ணே, முழுசா வெட்டுங்க. ஜெசிந்தா பர்னாந்து. இடம் பத்தலைன்னு ஜெ-வோட நிறுத்திறாதிய."

முழுசாகத்தான் வெட்டினார்.

மறுநாளே என் உரிமத்தைப் பறித்தார்கள். அடுத்த போட்டியில் கொரியாவின் பங்கு அலுவலர் தாளைக் காலியாகக் கொடுத்தார். அதற்கடுத்து இரண்டு பேர். இவர்களில் ஒருவரையும் நான் பார்த்ததுகூட இல்லை. ஆண்டு முடிவதற்குள் சங்கம் பங்கு விதியைக் கிடப்பில் போட்டது. நாற்பத்தொரு பெண்களின் பெயர்களைக் கோப்பைகளில் சேர்க்கும் வேலை இப்போது நடக்கிறது. ஏழுமலைக்கு நாடு நாடாக அழைப்பு. விமானத்தில் ஜன்னல் ஓர இருக்கை கேட்டு அடம்பிடிக்கிறாராம்.

அன்று திரையில் வந்த எண்ணைப் பார்த்த ஒரே ஆள் நான். அது எவ்வளவு என்று கேட்டுத் தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள், ஆராய்ச்சி மாணவர்கள் வருகிறார்கள். போன மாதம் அங்கயற்கண்ணியே வந்தாள். வெகுநேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அக்கா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என்னைவிட அவளுக்குக் கூடவா?" என்று மெல்லக் கேட்டாள்.

"கப் ஜெயிச்சீங்கல்ல?" என்றேன். "போய்ட்டு வா."

சிரித்துக்கொண்டே போனாள். உங்களுக்கும் அதே பதில்தான்.